கம்பனிகளின் தண்ணீர் வாக்குறுதியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் குளியலறைகளில் நான் எழுதிய தமிழ் தொங்குகிறது. ‘நீரைச் சேமிக்க எங்களோடு கைகோருங்கள். துவாயை மறுபடி பாவிக்க விரும்பினால் கொக்கியில் தொங்கவிடுங்கள்.’ மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஆங்கிலத்தில் வந்தது, தமிழாக்கிக் கொடுத்தேன், பேசிய காசும் கிடைத்தது. பில்லைக் கொடுக்கப் போனது ஓர் ஆடி மாதத்து மத்தியானம். கச்சான் காற்று முகத்தில் அறைகிறது. முற்றத்துப் புல்லுக்கு மூன்று தெளிப்பான்கள் சுற்றுகின்றன. தெளித்த தண்ணீரில் பாதி புல்லில் விழவேயில்லை. காற்றோடு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிற்பாடுதான் அறிந்தேன், ‘கிரீன்வோஷிங்’ என்ற சொல் பிறந்ததே துவாயில்தான். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர், துவாய் அட்டையை வைத்து இயற்கையைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஹோட்டல்களைச் சாடி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் போட்டார். மிச்சமாவது சலவைச் செலவு, கிடைப்பது நல்ல பெயர் என்பது அவர் வாதம். தமிழில் பச்சைப் பூச்சு என்று சொல்லலாம். அந்தப் பூச்சு வேலையில் ஒரு கை என்னுடையதும்தான்.

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. சலவை குறைந்தால் தண்ணீரும் குறையும்தானே. ‘இவங்கள் ஏன் இதைச் செய்யிறாங்கள்?’ என்று தேத்தண்ணிக் கடையில் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. என்ன செய்கிறார்கள், எங்கே, எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். அப்படிக் கேட்கும் வழிதான் கீழே இருப்பது. உங்கள் ஊரில் ஒரு கம்பனி தண்ணீரைப் பற்றிப் பெனர் கட்டினால் இந்த ஒழுங்கில் போய்ப் பாருங்கள்.

படி 1: வாக்குறுதியை ஒரு சொல் விடாமல் எழுதி எடுங்கள்

பெனரிலோ பத்திரிகையிலோ இருப்பதை உங்கள் சொல்லில் சுருக்காதீர்கள். அப்படியே எழுதுங்கள். பிறகு வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். ‘குறைப்போம்’, ‘குறைக்க முயல்வோம்’, ‘குறைப்பதை நோக்கிப் பயணிக்கிறோம்’ இவை மூன்றும் வேறு வேறு. மூன்றாவதில் யாரும் எங்கும் போய்ச் சேரத் தேவையில்லை.

ஒருமுறை ஒரு கம்பனியின் துண்டுப்பிரசுரத்தில் ‘30 வீதம் வரை நீரைச் சேமிக்கிறோம்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். அச்சில் வந்தபோது ‘வரை’ இல்லை. வரி நீண்டுவிட்டது, அதுதான் எடுத்தோம் என்றார் வடிவமைத்த பிள்ளை. அந்த இரண்டெழுத்து போனதில் 3 வீதமும் 30 ஆகிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஆனால் திருத்தி அச்சிடவும் ஒருவரும் மினக்கெடவில்லை. நானும்தான்.

எண் இருந்தால் எந்த ஆண்டோடு ஒப்பிட்ட எண் என்று பாருங்கள். கெடு இருந்தால் அதையும் குறியுங்கள். உலகக் கம்பனிகளின் கெடு பெரும்பாலும் 2030. மைக்ரோசொப்ட் 2020இல் சொன்னது, மெட்டாவும் பெப்சிகோவும் 2021இல் சொன்னவை, எல்லாமே 2030க்குள் எடுப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீரைத் திருப்பித் தருவோம் என்பவை. கூகுள் 120 வீதம் என்று ஓர் எண்ணே கொடுத்தது.

படி 2: கணக்கின் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது?

எல்லாத் தண்ணீர்க் கணக்குக்கும் ஒரு வேலி உண்டு. வேலிக்கு உள்ளே இருப்பதை எண்ணுவார்கள், வெளியே இருப்பதை எண்ண மாட்டார்கள்.

இதற்குக் கொகா கோலாவைவிட நல்ல உதாரணம் இல்லை. பானத்தில் போகும் நீர் முழுவதையும் 2020க்குள் இயற்கைக்கும் சமூகங்களுக்கும் திருப்பித் தருவோம் என்றார்கள். ஐந்து ஆண்டு முந்தியே எட்டிவிடுவதாக 2015 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அந்தக் கணக்கின் அளவுகோல், போத்தலுக்குள் விற்ற பானத்தின் அளவு. சீனிக்காகக் கரும்பும் பீற்றும் குடித்த தண்ணீர் வேலிக்கு வெளியே நின்றது. இத்தனைக்கும் அவர்களே ஓர் அமைப்போடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நெதர்லாந்தில் அடைத்த அரை லீற்றர் போத்தல் ஒன்றின் மொத்த நீர்த்தடம், அதாவது பயிர் தொடங்கிப் போத்தல் வரை அதற்கு ஆன தண்ணீர் எல்லாம், 35 லீற்றர் என்று இருந்தது. அதில் பெரும்பங்கு சீனிக்கு ஆனது. அரை லீற்றரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்றால், மிச்சம் 34½ லீற்றர் யார் கணக்கில்?

அதே 2015 ஆகஸ்டில், கொழும்புக்கு அருகே இருக்கும் அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து களனி ஆற்றில் கலந்தது. கொழும்புப் பக்கத்துக் குழாய் நீர் பாதிக்கப்பட்டது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் இடைநிறுத்தப்பட்டது. திருப்பிக் கொடுத்த லீற்றர்களின் பட்டியலில் இப்படிப்பட்ட ஒரு நாளைப் போட இடமே இல்லை. அது அளவுக் கணக்கு. தரம் அதற்குள் வராது.

ஆகவே கேட்க வேண்டியது: தொழிற்சாலைக்குள் எடுத்த நீர் மட்டுமா? மூலப்பொருளுக்கான நீர், கழிவாக வெளியேறிய நீர், பவுசர் லொறியில் வாங்கிய நீர் எல்லாம் சேர்த்தா? பவுசரை மறக்காதீர்கள். சொந்தக் கிணற்றை நிறுத்திவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்துக்கு, வேறொரு கிராமத்துக் கிணற்றில் நிரப்பிய பவுசர் பின்வாசலால் வருவதைக் காணலாம்.

படி 3: எந்த ஊர்த் தண்ணீர், எந்த மாதத்துத் தண்ணீர்?

நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

புகையில் ஒரு வசதி உண்டு. சீனாக்குடாவில் விட்டாலும் சிக்காகோவில் விட்டாலும் போவது ஒரே வானத்துக்கு. தண்ணீர் அப்படியில்லை. கந்தளாய்க் குளத்துப் பக்கம் ஆயிரம் மரம் நட்டால் நிலாவெளிக் கிணறு நிறையாது. மார்கழியில் வெள்ளமாய்ப் போகும் தண்ணீரைச் சேமித்தேன் என்று காட்டி, ஆடியில் அள்ளியதைச் சரிக்கட்டவும் முடியாது. ஆனால் ஆண்டறிக்கையில் எல்லா ஊரும் எல்லா மாதமும் ஒரே பானைக்குள் போட்டுக் கூட்டப்படுகின்றன.

நம் கரையோரத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரைக்கும் மணல். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரிமழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. உப்புநீர் பாரம் கூடியது, அதனால் கீழே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டர் இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் ஏறி வர வழி பிறக்கிறது. ஏறிய உப்பு மோட்டரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. ஒரு மாரி போதாமலும் போகலாம்.

இந்த மணலில் 10 மீற்றருக்கு 5 மீற்றர் நீச்சல் தடாகம் ஒன்றை நினையுங்கள். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வைத்தால் 300 லீற்றர் சும்மா போகிறது, ஒருவரும் குளிக்காமலே. துவாய் அட்டை இதைப் பேசாது.

படி 4: கிணற்றுக்கு ஒரு கொப்பி போடுங்கள்

கம்பனியின் எண்ணுக்கு எதிரே வைக்க உங்களிடமும் ஓர் எண் வேண்டும். என் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் செய்ததைச் சொல்கிறேன். “பருப்பு அவியுதில்லை தம்பி, சவுக்காரமும் நுரைக்குதில்லை” என்று அவர் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் உறைத்தது. அவருடைய சட்டியும் ஓர் ஆய்வுகூடம்தான், ஆனால் அதைக் கூட்டத்தில் காட்ட முடியாது.

கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் பெயின்ரால் குறி போடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். நேரம் முக்கியம். விடிய, யாரும் மோட்டர் போடுவதற்கு முன்னம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். அடுத்தது உப்பு. பேனை மாதிரிச் சின்ன டி.டி.எஸ். மீற்றர் கடையில் விற்கிறது, கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும். அது ஆய்வுகூடக் கருவி அல்ல. ஆனாலும் ஒரே மீற்றரால், ஒரே கிணற்றில், ஒரே நேரத்தில் அளந்து வந்தால் ஏற்றம் இறக்கம் தெரியும். வாளியால் மேல்தண்ணியை அள்ளி அளக்கிறீர்களா, மோட்டர்த் தண்ணியை அளக்கிறீர்களா என்பதை மாற்றாதீர்கள். நான் முதல் மாதம் மாறி மாறி அளந்து, கொப்பியின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

திகதி, மட்டம், உப்பு எண், அந்த வாரம் மழை பெய்ததா. நான்கு நிரல், அவ்வளவுதான். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, மாரி முடிந்ததும் ஒன்று, கோடை உச்சத்தில் ஒன்று, ஒரு போத்தலை ஆய்வுகூடத்தில் கொடுத்துக் குளோரைட்டு பாருங்கள். லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கே உப்பைக் காட்டத் தொடங்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உப்பு ஏறியதும் ‘ஹோட்டல்காரன்தான்’ என்று பாயாதீர்கள். பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம் இருக்கிறது, அங்கேயும் மோட்டர் ஓடுகிறது. பெரியம்மாவே துலாவை விட்டு மோட்டருக்கு மாறியவர்தான். மழை பிந்தினாலும் உப்பு ஏறும். ஹோட்டலிலிருந்து தள்ளி இருக்கும் இன்னொரு கிணற்றிலும் கொப்பி போட்டால்தான் இவற்றைப் பிரித்தறிய முடியும். இரண்டு கொப்பியிலும் எண் ஒன்றாக ஏறினால் அது பொது வரட்சி. ஒன்றில் மட்டும் ஏறினால் அதற்கு அருகில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

படி 5: விகிதமா, மொத்தமா?

கம்பனிகளுக்குப் பிடித்த எண், ஒரு லீற்றர் பொருளுக்கு எத்தனை லீற்றர் நீர் என்பது. அது குறைவது நல்லதுதான். ஒரு குளிர்பானத் தொழிற்சாலை என்று வையுங்கள். லீற்றருக்கு 2.5 லீற்றர் நீர் எடுத்தது, இப்போது 2 லீற்றர். 20 வீதம் சேமிப்பு, பெனர் கட்டலாம். இதற்கிடையில் உற்பத்தி 10 இலட்சம் லீற்றரிலிருந்து 20 இலட்சமாகிவிட்டது என்றால், எடுத்த நீர் 25 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாகிவிட்டது. கிணற்றுக்கு விகிதம் தெரியாது.

2020இல் வாக்குக் கொடுத்த மைக்ரோசொப்டின் சொந்த அறிக்கையிலேயே, 2022இல் நீர்ப் பாவனை முந்தைய ஆண்டைவிட 34 வீதம் கூடியிருந்தது. மறைக்காமல் வெளியிட்டதற்கு மதிப்பெண் போடலாம்.

அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் வெளியார் சரிபார்த்ததாக ஒரு கடிதம் இருக்கும். ‘மட்டுப்படுத்தப்பட்ட உறுதிப்பாடு’ என்று இருந்தால், ‘நாங்கள் பார்த்த அளவில் பிழையாக ஒன்றும் கண்ணில் படவில்லை’ என்று வாசியுங்கள். ‘சரி’ என்று அவர்கள் சொல்லவில்லை.

படி 6: ‘கொடுத்தோம்’ என்ற தண்ணீரை நீங்களே எண்ணுங்கள்

இங்கே ஒரு பென்சில் போதும். நம் பக்கத்தில் கம்பனிகள் விரும்பிக் கொடுப்பது இரண்டு. ஒன்று மழைநீர்த் தாங்கி.

50 சதுர மீற்றர் கூரை. திருகோணமலையில் ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீற்றர் மழை. ஓடிப்போவது, சிந்துவது கழித்து 80 வீதம் பிடிக்கலாம் என்றால் 64,000 லீற்றர். அறிக்கையில் இந்த எண் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஏனென்றால் கொடுத்த தாங்கி 5,000 லீற்றர். 125 மில்லிமீற்றர் மழைக்கே அது நிரம்பிவிடும். கார்த்திகையில் நாலு நல்ல மழைக்குள் நிரம்பி, மார்கழி முழுக்க வழிந்து முற்றத்தில் ஓடும். கோடைக்கு மிஞ்சுவது 5,000. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால் 250 நாள். அதுவே பெரிய உதவி, நான் குறை சொல்ல மாட்டேன். 5,000 என்று எழுதினால் கைகுலுக்கலாம்.

மற்றது ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம், மெல்லிய சவ்வினூடாக நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது. பதவி ஸ்ரீபுரப் பக்கம் சிறுநீரக நோயைக் கண்ட குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் நல்ல நீராகத் தரும். மிச்சம் உப்பும் கடினமும் திரண்ட கழிவாக வெளியே வரும். சில இடங்களில் பாதிக்குப் பாதி. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். பக்கத்து வாய்க்காலிலா, குழியிலா? அடுத்து, வடிகட்டி மாற்றும் செலவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். ரிப்பன் வெட்டிய படம் இருக்கும், வடிகட்டி மாற்றிய படம் இருக்காது.

படி 7: கடதாசியைக் கேட்டு வாங்குங்கள்

இலங்கையில் நம் கையில் இருக்கும் நல்ல கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்பனியிடம் நேரே கேட்டால் சிரித்து அனுப்பலாம்; கம்பனிக்கு உரிமம் கொடுத்த அரச நிறுவனத்தால் அப்படி முடியாது. தொழிற்சாலை, ஹோட்டல்களின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெரும்பாலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் இருக்கும், சிறிய இடங்களுக்குப் பிரதேச சபை அல்லது நகர சபையிடம். குழாய் நீர்ப் பாவனைக்கு நீர் வழங்கல் சபை. நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபை.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். நான் எழுதும் கேள்விகள் இப்படி இருக்கும்:

“இன்ன இடத்தில் இயங்கும் இன்ன நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதியும் அதன் நிபந்தனைகளும். உரிமம் காலாவதியாகும் திகதி. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள். அந்த வளவில் உள்ள கிணறுகள், குழாய்க்கிணறுகள் பற்றி உங்களிடம் உள்ள பதிவுகள். கிடைத்த முறைப்பாடுகளும் எடுத்த நடவடிக்கைகளும்.”

‘எவ்வளவு மாசுபடுத்துகிறார்கள்?’ என்று கேட்காதீர்கள், ‘அப்படித் தகவல் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

‘வணிக இரகசியம்’ என்று சொல்வார்கள். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும் என்றும் அதே 5ஆம் பிரிவில் இருக்கிறது. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டாலஸ் என்ற சிறு நகரம், கூகுளின் தரவு மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்பது இரகசியம் என்று சொல்லி, கேட்ட பத்திரிகையை எதிர்த்து வழக்கே போட்டது. 2022 டிசெம்பரில் சமரசமாகி எண் வெளியே வந்தது. 2021இல் நகரம் பாவித்த நீரில் நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

படி 8: இப்போது நோக்கத்தைப் பற்றிப் பேசலாம்

இவ்வளவும் கையில் வந்த பிறகு, ‘ஏன் செய்கிறார்கள்’ என்பதற்கு ஓரளவு விடை இருக்கும். சுயநலத்துக்காகச் செய்கிறார்களா? நல்லது. தன் கொதிகலனுக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடும் என்று பயந்து கசிவை அடைக்கும் முதலாளியை நான் நம்புவேன். அவர் அடுத்த வருடமும் அடைப்பார். படம் எடுக்கத் தாங்கி கொடுப்பவர் அடுத்த வருடம் சைக்கிள் கொடுப்பார்.

நான் பயப்படுவது வேறு ஒரு வகைக்கு. அனுமதிக்காகவோ ஒரு முறைப்பாட்டை அமத்தவோ கொடுக்கும் தண்ணீர். திகதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உரிமம் புதுப்பிக்கும் மாதம், ஊர்க் கூட்டத்தில் சண்டை நடந்த மாதம், தாங்கி வந்த மாதம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்று சனம் சொல்லி, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் வரை எத்தனை வருடம் போனது, எத்தனை பரிசோதனை அறிக்கை ஒன்றுக்கொன்று முரண்பட்டது என்று யாழ்ப்பாணத்துக்காரரைக் கேளுங்கள். கேரளத்துப் பிளாச்சிமடையில் 2000இல் திறந்த கோலா ஆலை 2004இல் மூடியது. 2010இல் ஓர் உயர்மட்டக் குழு 216 கோடி இந்திய ரூபாய் நட்டம் என்று மதிப்பிட்டது. அங்கும் தொடக்கத்தில் பேசியது வீட்டுக் கிணற்றில் அள்ளிய பெண்கள்தான்.

கூட்டத்துக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள், சத்தத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். போர்க்காலத்தில் மாவிலாறு மதகு மூடப்பட்டுச் சண்டை மூண்ட 2006க்குப் பிறகு, இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி யார் கத்தினாலும் மற்றவர் இனத்தைத்தான் பார்க்கிறார். நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் ஒரே மாதிரி நாலு நிரல் கொப்பி இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடம் குறையும்.

பெரியம்மா வீட்டுக் கொப்பியில் இப்போது பதினோராவது மாதம். மாரி முடிந்தபோது இறங்கிய எண் வைகாசியிலிருந்து மறுபடி ஏறுகிறது. தோட்டத்துப் பக்கம் இரண்டாவது கொப்பி போட்ட கிணற்றிலும் ஏறுகிறது, ஆனால் மெதுவாக. ஹோட்டல் முகாமையாளருக்கு இரண்டு கொப்பியின் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், தெளிப்பானை மத்தியானம் போடாமல் பின்னேரம் போட்டால் என்ன என்று ஒரு வரியும் சேர்த்து. பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை அவர் அனுப்பியது வேறு: துவாய் அட்டைக்குப் புது வடிவமாம், தமிழைக் கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா என்று.